கல்லூரி மாணவர்களுக்கு மலிவான ஷேர் ரைடு: பைக் பின்சீட்டா, ஆட்டோவா, ஆப் வேண்டுமா?

ஒரு வாசகர் கேட்டது, 2025 ஆகஸ்ட் 11

"வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். காலேஜ் பஸ்ஸுக்கு வருடம் நாற்பதாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். வீட்டில் கஷ்டம், அதனால் இந்த வருடம் காலேஜ் பஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாணவர்களுக்கு மட்டும் ஒரு ரைடு ஷேரிங் ஆப் செய்யப்போகிறோம். பைக் வைத்திருப்பவன் பின்சீட்டைத் தருவான், ஏறுபவன் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் தருவான். ஓலா, ராபிடோ எல்லாவற்றையும் விட மலிவு. இது ஓடுமா அண்ணா?"

ஆகஸ்ட் 11, இரவு

பைக் பின்சீட்டை விட்டுவிடுங்கள் தம்பி. மீதியைப் பேசுவோம்.

கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி இருக்கிறது. பைக் ஐம்பது கிலோமீட்டர் தருகிறது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். நீங்கள் வாங்கப்போவது மூன்று. பின்னால் உட்காருபவன் முழு பெட்ரோலையும் போட்டு, மேலே ஒரு ரூபாயும் தருகிறான். இதைச் செலவைப் பகிர்வது என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வாடகை என்றுதான் சொல்வார்கள். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்ட பெர்மிட் கிடையாது. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் அபராதம் 10,000 ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. பஸ் கட்டணத்தில் கால்வாசி ஒரே நாளில் போய்விடும்.

2025 ஜூலையில் மத்திய அரசு புது வழிகாட்டுதல் கொடுத்ததே என்று கேட்பீர்கள். சொந்த பைக்கையும் அக்ரிகேட்டர், அதாவது ஓலா, ராபிடோ மாதிரி சவாரி சேர்த்துவிடும் நிறுவனம் மூலம் பயணிக்கு ஓட்டலாம் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் மாநில அரசு அனுமதித்தால்தான். அதுவும் உரிமம் வாங்கிய நிறுவனத்துக்கு. நாலு மாணவர்கள் செய்த ஆப்புக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆகஸ்ட் 12

அபராதம் மட்டும்தானா பிரச்சினை, மாட்டாமல் ஓட்டினால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பைக் வைத்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது.

2018 செப்டம்பரிலிருந்து புது பைக் வாங்கும்போதே ஐந்து வருடத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் பாதிக்கப்படும் வெளியாளுக்கான இன்சூரன்ஸ், எடுத்தாக வேண்டும். சொந்த சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். அந்த ஒரு வருடம் முடிந்ததும் பல வீடுகளில் அதைப் புதுப்பிப்பதில்லை. போலீஸ் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். அந்தக் காகிதம் வெறும் தேர்ட் பார்ட்டி. அப்படிப்பட்ட பாலிசியில் பின்சீட்டில் இருப்பவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு தரக் கடமைப்பட்டது இல்லை என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்த சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி இருந்தால் பின்சீட்டுக்காரருக்கும் சேரும். ஆனால் காசு வாங்கி ஏற்றியிருந்தால், வாடகைக்கு ஓட்டிய வண்டி என்று கம்பெனி கையை விரிக்கலாம். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் அந்த விலக்கு அச்சடித்தே இருக்கும்.

அந்தச் சாலையில் எம்-சாண்ட் லாரி எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பையன் கீழே விழுந்து கால் உடைந்தால், ஆஸ்பத்திரிச் செலவை ஓட்டிய மாணவனின் அப்பா கட்ட வேண்டியிருக்கும். ஆறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய் வாங்கியதற்காக.

நண்பனை ஏற்றிப்போவதை நான் குறை சொல்லவில்லை. காலம்காலமாக நடப்பதுதான், ஹெல்மெட் இரண்டு இருந்தால் நல்லது. அதற்கு ஒரு விலை போட்டு ஆப்பில் ஏற்றுவதுதான் வேண்டாம் என்கிறேன்.

ஆகஸ்ட் 15

இன்று லீவு. உட்கார்ந்து யோசித்ததை எழுதுகிறேன்.

"எங்கள் காலேஜில் நாலாயிரம் பேர், அதில் ஐந்து சதவீதம் இன்ஸ்டால் செய்தாலே போதும்" என்று நேற்று எழுதியிருந்தீர்கள். சரி, இருநூறு பேர் என்றே வைத்துக்கொள்வோம். இவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் போகிறவர்கள் இல்லை. வண்டலூர் ஸ்டேஷன் பக்கம், தாம்பரம், கிளாம்பாக்கம், கேளம்பாக்கம், ஓஎம்ஆரில் மேலே சோழிங்கநல்லூர் வரை, இந்தப் பக்கம் மாம்பாக்கம் என்று ஆறு திசை. ஆளுக்கு ஆள் வகுப்பு முடியும் நேரமும் வேறு. ஒருத்தருக்கு லேப், ஒருத்தருக்கு பிளேஸ்மென்ட் டிரெயினிங், ஒருத்தர் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். நாலு நேரம் என்று பிரித்தால் ஆறை நாலால் பெருக்கி இருபத்துநாலு கட்டம். இருநூறு பேரைப் போட்டால் கட்டத்துக்கு எட்டுப் பேர் தேறுவார்கள். அதில் இன்று வந்தவர், ஆப்பைத் திறந்தவர், பெண்கள் மட்டும் வேண்டும் என்கிறவர் என்று கழித்தால் இரண்டு பேர் மிஞ்சலாம். அந்த இரண்டு பேருக்கும் முன்பே ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும்.

ஒரே காரில் பலரைச் சேர்த்து ஏற்றும் ஓலா ஷேர், ஊபர் பூல் இரண்டும் 2015-ல் இந்தியாவில் வந்தன. கோடிக்கணக்கில் பணம், ஊர் முழுக்க ஆள். அப்படியும் ஒரு ஆளை ஏற்ற வளைந்து போய், இன்னொரு ஆளை இறக்க வளைந்து போய் என்று ஏறியவர்கள் சலித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது நிறுத்தினார்கள்.

ஆனால் கல்லூரியிடம் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. டைம்டேபிள். செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் பி செக்‌ஷன் கேட்டுக்கு வரும் என்பது ஆகஸ்டிலேயே தெரியும், நவம்பர் வரை மாறாது. அந்த நொடியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டிய வேலையே உங்களுக்கு இல்லை. செமஸ்டர் ஆரம்பத்தில் ஒரே தடவை ஆட்களைச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

அமெரிக்காவில் ஜிம்ரைடு என்று ஒன்று இருந்தது. லோகன் கிரீன் என்பவர் ஜிம்பாப்வேயில் ஷேர் வேன்களைப் பார்த்துவிட்டு வந்து, 2007-ல் முதலில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தார். நீண்ட தூரம் காரில் போகிற மாணவர்கள் காலி சீட்டைப் பகிர்ந்துகொள்வதற்காக. யாரோ எவரோ என்ற பயம் வராமல் இருக்க, ஏறுவது யார், ஓட்டுவது யார் என்பதைக் கல்லூரி வட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். அந்தக் குழுவிலிருந்துதான் 2012-ல் லிஃப்ட் (Lyft) என்ற டாக்சி ஆப் வந்தது. ஜிம்ரைடில் எனக்குப் பிடித்தது, முன்கூட்டியே பேசி வைத்த பயணம் என்பதுதான்.

ஆகஸ்ட் 16

"அப்ப கார் பூலிங் செய்யலாமே" என்பவருக்கு: உங்கள் வகுப்பில் கார் கொண்டுவருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் காலி சீட்டு கார்களில் இருக்கிறது. வண்டலூர் சாலையில் அது ஆட்டோக்களில் இருக்கிறது.

ஆகஸ்ட் 23

என் அக்கா மகள் இதே சாலையில் வேறொரு கல்லூரியில் படிக்கிறாள். இன்று அவளோடு போய் ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நானும் படிக்கும்போது இந்த ஸ்டாண்டில் நின்றவன்தான். அப்போது ஒரு சீனியர் அக்கா, "காலேஜ் கேட், இன்னும் ஒருத்தர்!" என்று சத்தம் போட்டு மூன்று பேரைச் சேர்த்துவிட்டுத்தான் ஏறுவார். நாங்களெல்லாம் அவர் குரலைக் கேட்டு ஓடுவோம்.

அரசு 2013-ல் வைத்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். ஆறு கிலோமீட்டருக்குப் போட்டால் 75 ரூபாய் சொச்சம். ஸ்டாண்டில் கேட்பது 130, 150. ஏன் என்று கேட்டேன். "தம்பி, அங்க இறக்கிட்டு நான் காலியா வரணும். வந்து மறுபடி வரிசையில கடைசில நிக்கணும். அடுத்த சவாரி எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஒருவர். 2013-ல் டீசல், பெட்ரோல், கேஸ் என்ன விலை, இப்போது என்ன விலை என்று இன்னொருவர் விரல்விட்டுச் சொன்னார். அந்தக் கட்டணம் அதற்குப் பிறகு ஏறவே இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. இவர்களைக் கொள்ளைக்காரர்களாக வைத்துக்கொண்டு ஒரு சேவையைத் தொடங்கினால் அது நிற்காது.

அதனால் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். காலை எட்டேகாலுக்கு மூன்று பேர், வாரம் ஐந்து நாள், காசு திங்கட்கிழமையே கையில், காத்திருக்க வேண்டாம் என்றால் என்ன வாங்குவீர்கள்? கொஞ்சம் யோசித்தார்கள். 90 என்றார் ஒருவர். 100-க்குக் குறைந்து முடியாது என்றார் மூத்தவர், மற்றவர்களும் அதற்குத் தலையாட்டினார்கள். நூறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 33 ரூபாய். எந்த ஆப்பும் இல்லை, தள்ளுபடி இல்லை, முதலீட்டாளர் பணம் இல்லை. உறுதி ஒன்றைக் கொடுத்ததற்கே முப்பதிலிருந்து ஐம்பது ரூபாய் வரை இறங்கியது.

திரும்பி வரும்போது ஆள் கிடைத்தால் இன்னும் குறையும். காலையில் ஹாஸ்டலிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள், இரவு ஷிப்ட் முடித்து வரும் நர்ஸ்கள், செக்யூரிட்டிகள் என்று எதிர்த்திசையில் போகிறவர்கள் உண்டு. இதை யாராவது உட்கார்ந்து தேட வேண்டும்.

ஆகஸ்ட் 24

தனித்தனியாகக் காசு வாங்கினால் ஷேர் ஆட்டோ ஆகிவிடும், அதுவும் சட்டவிரோதம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வகை இருக்கிறது. பஸ் மாதிரி வழியில் ஏற்றி இறக்கிப் போவது ஸ்டேஜ் கேரேஜ். மொத்த வண்டியையும் பேசி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம் போவது கான்ட்ராக்ட் கேரேஜ். ஆட்டோவுக்கு இருப்பது இரண்டாவது வகைப் பெர்மிட். வழியில் கைகாட்டுகிறவரை ஏற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. நீங்கள் மூன்று பேரும் முன்பே பேசி, ஒரே இடத்தில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கினால் அது ஒரு சவாரிதான். மோட்டார் கேப் (ஆறு பேர் வரை ஏற்றும் வாடகை வண்டி), மேக்ஸி கேப் இரண்டிலும் ஆளுக்கு ஆள் கட்டணம் வாங்கினாலும் அது கான்ட்ராக்ட் கேரேஜ்தான் என்று 2(7) பிரிவே சொல்கிறது. மேக்ஸி கேப் என்றால் ஆறு பேருக்கு மேல், பன்னிரண்டு பேர் வரை, டிரைவர் நீங்கலாக. மஞ்சள் போர்டு வேனுக்கு இது பொருந்தும்.

ஆட்டோவில் மூன்று பேர்தான். நாலாவது ஆளை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

செப்டம்பர் 2

மூன்றாவது ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது? உங்கள் நண்பர் அபராதம் போடலாம் என்கிறார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. சீட்டை வாரத்துக்கு வாங்க வைப்பது போதும். திங்கள் காலை யூபிஐயில் நேராக டிரைவருக்கு 165 ரூபாய் போகட்டும். வரவில்லை என்றால் அந்த நாள் காசு போனது, ஆனால் மற்ற இரண்டு பேருக்கு ஒரு ரூபாயும் ஏறாது. வர முடியாதவர் தன் சீட்டை முந்தின இரவு பத்து மணிக்குள் வேறு ஒருவருக்கு விடலாம். இந்தச் சீட்டு மாற்றத்தைத்தான் உங்கள் மென்பொருள் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பணம் உங்கள் கையில் தங்கவே கூடாது. தங்கினால் ஒரு நாள் கணக்கு உதைக்கும், நட்பும் போகும்.

லேட்டாக வருகிறவருக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். மூன்று நிமிடம் என்பது என் யோசனை. ரயிலை விட்டால் அடுத்த ரயில்வரை நிற்க வேண்டும், அந்தக் கோபம் வாரக்கணக்கில் இருக்கும்.

செப்டம்பர் 7

அக்கா மகள் இந்த இழையைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "மாமா, எனக்கு ஒயிட் போர்டு பஸ்ல டிக்கெட்டே கிடையாது. நான் எதுக்கு 33 ரூபாய் குடுக்கணும்?"

அவள் சொல்வது சரி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவர் வசதிக்கென்று நாம் பேசும்போது பாதி மாணவர்களுக்கு ஏற்கெனவே பூஜ்ய ரூபாயில் ஒரு வசதி இருக்கிறது. அதோடு விலையில் போட்டி போட யாராலும் முடியாது, போடவும் வேண்டாம்.

பிறகு அவளே சொன்னாள். காலையில் பஸ் ஓகே. பிரச்சினை லேப் முடிந்து ஐந்தரைக்கு மேல் கிளம்பும் நாட்களில். எல்லாக் காலேஜும் ஒரே சமயம் விடுவதால் வருகிற பஸ் நிற்காமல் போய்விடும், நின்றாலும் படியில்தான் இடம். அந்த இரண்டு நாள் மட்டும் காசு கொடுக்கத் தயார், ஆனால் ஆட்டோவில் மூன்று பேரும் பெண்களாக இருக்க வேண்டும், டிரைவர் வீட்டில் சொல்லி அறிமுகமான ஆளாக இருக்க வேண்டும்.

ஆகவே ஐந்து நாள் சீட்டு என்று நான் முன்பு எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் மட்டும். செவ்வாய், வியாழன் ஐந்து நாற்பது. டைம்டேபிளில் லேப் நாட்களை எடுத்து அடுக்கினால் இது தானாக விழும்.

பாதுகாப்புக்கு ஒன்றிரண்டு. வீட்டு வாசலில் ஏற்றுவது வேண்டாம், கேட், ஸ்டேஷன், பஸ் ஸ்டாப் மட்டும். அப்போது யார் வீடு எங்கே என்று ஆப்பிடம் இருக்காது, இருந்தால்தானே கசியும். போன் நம்பரை மற்றவர்களுக்குக் காட்டாதீர்கள். போலீஸின் காவல் உதவி செயலியையும் 112 என்ற அவசர எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். நீங்களே ஒரு சிவப்புப் பொத்தான் செய்து, அழுத்தினால் உங்கள் நாலு பேருக்கு மெசேஜ் வரும் என்று வைக்காதீர்கள். நீங்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

செப்டம்பர் 24

முந்தாநாள் சென்னை ஒன் செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயிலுக்கு ஒரே க்யூஆர் டிக்கெட், நம்ம யாத்ரி என்ற சவாரி ஆப் மூலம் ஆட்டோவும் கேப்பும். "அண்ணா, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று எழுதிவிட்டீர்கள். ஏன் முடிய வேண்டும்? அது டிக்கெட் கொடுக்கிறது. செவ்வாய் ஐந்து நாற்பதுக்கு அந்த மூன்று பெண்களைச் சேர்த்துவைக்கும் வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது. ரயில் டிக்கெட்டை அதில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வேலை உங்களுக்கு மிச்சம்.

நம்ம யாத்ரியிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. பெங்களூரில் 2022 நவம்பரில் வந்தபோது டிரைவரிடம் கமிஷன் வாங்குவதில்லை என்று ஆரம்பித்தார்கள். பின்னர் நாளுக்கு 25 ரூபாய் சந்தா என்று வைத்தார்கள், எத்தனை சவாரி ஓட்டினாலும் அவ்வளவுதான். உங்களுக்குச் சந்தாவும் வேண்டாம் என்பேன். நூறு ரூபாய் சவாரியில் பத்து ரூபாய் எடுத்தால் அந்தப் பத்தும் மாணவன் தலையில்தான் விழும். வருடத்தில் லீவு, ஸ்டடி ஹாலிடே, செமஸ்டர் இடைவெளி எல்லாம் போகப் பாதி நாள்தான் வகுப்பு. இதில் கம்பெனி நடத்தும் லாபம் வராது. என்எஸ்எஸ் மாதிரி, மாணவர் மன்றம் மாதிரி, வருடா வருடம் கைமாறும் ஒரு வேலையாக வைத்தால் நிற்கும். ஸ்டார்ட்அப் என்று ரெஸ்யூமில் போட ஆசை இருக்கும், புரிகிறது. இதைச் செய்து முடித்தாலே ரெஸ்யூமில் எழுத நிறைய இருக்கும்.

அக்டோபர் 5

மென்பொருள் பற்றி. வழித்தடத் தேடல்தான் என் வேலை என்பதால் மேப், லைவ் டிராக்கிங், நியரஸ்ட் டிரைவர் என்றெல்லாம் நான் ஊக்குவிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். மேப்பே வேண்டாம். ஏறுமிடம் நாலு, இறங்குமிடம் ஐந்து. அவை நகராது. மேப் சேவைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. லாகினுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி வைத்தால், மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் செய்ய வேண்டிய டிஎல்டி பதிவு, ஒவ்வொரு மெசேஜுக்கும் காசு. கல்லூரி மின்னஞ்சல் முகவரி போதும், வெளியாள் நுழையவும் முடியாது.

முதலில் ஒரு கூகுள் ஃபார்ம். திசை, கிழமை, நேரம், பெண்கள் குழுவா கலந்த குழுவா. அதை ஒரு ஷீட்டில் போட்டு நேரத்தின்படி அடுக்குங்கள். மூன்று மூன்றாக எத்தனை குழு தேறுகிறது என்று கண்ணால் பாருங்கள். இருபது குழு தேறினால் நிரல் எழுதலாம். நாலுதான் தேறினால் வாட்ஸ்அப்பே போதும்.

அக்டோபர் 19

மழை ஆரம்பித்துவிட்டது. மாம்பாக்கம் பக்கம் தண்ணீர் நிற்கும் நாட்களில் நூறு ரூபாய்க்கு வா என்று டிரைவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். மழை நாளுக்கு முன்பே தனி ரேட் பேசி ஷீட்டில் எழுதிவையுங்கள், அன்று தகராறு இருக்காது. மழைக்கு லீவு விட்டால் அந்த நாள் காசை அடுத்த வாரத்தில் கழிக்க வேண்டுமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பாதி கழிக்கலாம் என்று ஸ்டாண்டில் மூத்தவர் சொன்னார், நியாயமாகப் படுகிறது.

வேறு ஒரு வாசகர் மினி பஸ் பற்றிக் கேட்டார். 1997-ல் வந்த திட்டம்தான், இந்த ஜூனில் புது வடிவில் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். உள்ளூர் சாலைகளில் பஸ் போகாத இடங்களுக்கு அது வந்தால் ஆட்டோவை விடப் பலமடங்கு மலிவு. உங்கள் ஷீட்டில் ஐந்தரைக்கு மேல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்குமே, அதைக் கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு எம்டிசிக்கும் (மாநகரப் போக்குவரத்துக் கழகம்) அனுப்புங்கள். இந்தச் சாலையில் ஓடும் 515 தடத்தில் அந்த நேரத்துக்கு ஒரு வண்டி கூடுதலாகக் கேட்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. பஸ் வந்துவிட்டால் நம் ஆட்டோக் குழு கலையும். கலையட்டும்.

அக்டோபர் 27

ஃபார்மில் வந்த பதில்களைப் பார்த்தேன். கேளம்பாக்கம் திசையில் ஆள் போதாது, அதை இப்போதைக்கு விடுங்கள். வண்டலூர் ஸ்டேஷன் பக்கம் செவ்வாய், வியாழன் மாலைக்கு நாலு குழு தேறுகிறது, அதில் இரண்டு பெண்கள் குழு. இந்தச் செமஸ்டர் முடியப் போகிறது, அதனால் இப்போது இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் ஒட்டியதும் புதிதாகச் சேருங்கள். ஸ்டாண்டுக்குப் போகும்போது நாலு பேரும் ஒன்றாகப் போக வேண்டாம், இரண்டு பேர் போதும். பகல் பதினொரு மணிக்குப் போனால் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். வரிசையில் யாருக்குச் சவாரி என்பதை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும், அதில் நீங்கள் தலையிடாதீர்கள்.